அம்பாசிடர் புணரியல்: எஞ்சின் மவுண்டிங் பற்றி ஓர் இலக்கண ஆய்வு

பாயிரம்

நூல் என்றால் பாயிரம் வேண்டும். பாயிரம் என்றால் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டும் அதில் இருக்க வேண்டும். பழைய காரில் வேறு எஞ்சினை ஏற்றும்போது இரண்டுக்கும் நடுவில் உட்காரும் ரப்பர் துண்டைப் பற்றிய இந்நூலுக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு இல்லை.

ஆக்கியோன், பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு அமர்ந்து டீ குடித்தே இலக்கணம் கற்றவன். வழி, முதல்நூல் அன்று. முதல்நூல்கள் எல்லாம் கிரீஸ் படிந்த கைகளில் இருக்கின்றன, ஏட்டில் ஏறவில்லை. எல்லை, வடக்கே மேற்கு வங்கத்து உத்தர்பாரா, தெற்கே கார் உரிமையாளரின் பொறுமை. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, உரைநடை, இடையிடையே மில்லிமீட்டர். நுதலிய பொருள், எஞ்சின் மவுண்டிங். கேட்போர், எஞ்சினை வாங்கிவிட்டுப் பிறகு யோசிக்கிறவர்கள். பயன், சிக்னலில் வண்டி நிற்கும்போது பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் பேருந்து ஒன்றாகவே தெரிதல்.

இத்துறையின் முந்தைய ஆய்வுகள் அனைத்தும் எஞ்சினைப் பற்றியே பேசின. எத்தனை குதிரைத்திறன், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ‘பாடி’ திறக்காத எஞ்சினா, திறந்த எஞ்சினா என்று வாதிட்டன. மவுண்டிங் பற்றிக் கிடைக்கும் ஒரே சான்று, எஞ்சின் விற்பவரின் வாய்மொழி. “மவுண்டிங் செட் ஆகுமா?” என்று கேட்டால் சென்னைப் புதுப்பேட்டை முதல் கொல்கத்தா மல்லிக் பஜார் வரை வரும் விடை ஒன்றுதான்: “எல்லாம் செட் பண்ணிக்கலாம் சார்.” இந்த வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை. யார் செட் பண்ணுவது, எதை எதற்கு செட் பண்ணுவது என்பது தோன்றா எழுவாயாகவும் தோன்றாச் செயப்படுபொருளாகவும் நிற்கிறது. அவ்விரண்டையும் தோன்றச் செய்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

ஆய்வுக் கருதுகோள் இது: இரண்டு சொற்கள் சேரும்போது நடப்பவையே எஞ்சினும் காரும் சேரும்போதும் நடக்கின்றன. எனவே பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்து, தேர்வோடு மறந்துபோன புணர்ச்சி விதிகளே இதற்குப் போதும்.

1. நிலைமொழி இயல்

*விதி 1: முன்னே நிற்பது நிலைமொழி, அது கார்.*

உரை: எடுத்துக்காட்டாக அம்பாசிடரைக் கொள்கிறோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்பாக 1957-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தர்பாரா ஆலையில் பிறந்த இந்த வண்டி, 2014 மே மாதம் ஆலை நிற்கும் வரை ஏறக்குறைய அதே உருவத்தில் வந்துகொண்டிருந்தது. முன்பக்கக் கிரில் மாறியது, விளக்கு மாறியது, மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயருக்குப் பின்னொட்டு மாறியது. தோளும் இடுப்பும் மாறவில்லை. நிலைமொழி என்ற பெயருக்கு இவ்வளவு உண்மையாக நடந்துகொண்ட வாகனம் உலகில் அதிகம் இல்லை.

அதன் உள்ளே நெடுங்காலம் துடித்தது பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் பெட்ரோல் எஞ்சின், 1,489 சி.சி. நான்கு சிலிண்டர். இஞ்சில் எட்டில் ஒரு பங்கை நூல் என்னும் லேத் பட்டறை மொழியில் சொன்னால் துளை இரண்டு இஞ்ச் ஏழு நூல், பிஸ்டன் ஓட்டம் மூன்று இஞ்ச் நான்கு நூல். இந்த எஞ்சினை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் ஆசை ஒருவருக்கு எப்போது வருகிறது, ஏன் வருகிறது என்பது உளவியல் துறைக்கு உரியது. நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

*விதி 2: நிலைமொழியில் பார்க்க வேண்டியது ஈறு.*

உரை: ‘மரம்’ என்ற சொல் அடுத்த சொல்லோடு எப்படிச் சேரும் என்று அறிய அதன் இலை, கிளை, நிழல் எதையும் ஆராய வேண்டாம், இறுதியில் நிற்கும் ‘ம்’ போதும். காரிலும் அப்படியே. எஞ்சினைத் தூக்கிய பிறகு திறந்து கிடக்கும் குழியில் மூன்று இடங்களே ஈறு. முன்னால் இடமும் வலமுமாக இரண்டு இருக்கைகள்; பின்னால் கியர் பாக்ஸின் வாலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒன்று. இம்மூன்றின் நடுவே அகலம், உயரம், முன்பின் தூரம் ஆகியவற்றை எடுத்து ஓர் அட்டையில் எழுதிக்கொள்பவர் இலக்கணி. எழுதிக்கொள்ளாதவர் இதே குழியை இன்னும் பலமுறை காண்பார்.

*விதி 3: ஈற்றுக்கும் முன்பாக நிற்பவை ஐந்து. அவை அசையா.*

உரை: மவுண்டிங்கைத் தேடப் புறப்படுவதற்கு முன் எஞ்சின் எங்கே நிற்கும் என்பதை ஐந்து பொருள்கள் தீர்மானித்துவிடுகின்றன. முன்னால் ரேடியேட்டர்: விசிறி அதில் உரசக் கூடாது, ரப்பரில் எஞ்சின் ஆடும் என்பதால் ஒரு விரற்கடைக்கு மேல் இடைவெளி வேண்டும். கீழே கிராஸ் மெம்பரும் ஸ்டியரிங் ராக்கும்: ஆயில் சம்ப் அவற்றில் உட்கார்ந்துவிடக் கூடாது. மேலே பானட்: ஏர் ஃபில்டர் அதை முட்டக் கூடாது. பக்கத்தில் கியர் லீவர் வரும் வழி: பழைய அம்பாசிடரில் அது ஸ்டியரிங் தண்டோடு வரும், இசுசு எஞ்சினோடு வந்த ஐந்து கியர் பெட்டியில் தரையிலிருந்து எழும். பின்னால் பிரொப்பெல்லர் ஷாஃப்ட்: கியர் பாக்ஸின் வெளித்தண்டும் பின் அச்சின் பினியனும் ஏறத்தாழ இணைகோடுகளாக நிற்க வேண்டும், இல்லையென்றால் கிராஸ் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து, ரப்பர் எவ்வளவு நல்லதானாலும் தரையை அதிர வைக்கும். பள்ளிப் பிள்ளையின் கோணமானி இங்கே எந்த விலையுயர்ந்த கருவிக்கும் சளைத்ததன்று.

ஆகவே ‘பொருத்தமான மவுண்டிங் கிடைக்குமா?’ என்பது முதல் கேள்வி ஆகாது. ‘எஞ்சின் எங்கே நிற்கும்?’ என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் மவுண்டிங் தானே தன் முகவரியைச் சொல்லும்.

2. வருமொழி இயல்

*விதி 4: பின்னே வருவது வருமொழி, அது எஞ்சின். அதில் பார்க்க வேண்டியது முதல்.*

உரை: இங்கே முதல் என்றது எஞ்சின் பிளாக்கில் மவுண்டிங் பிராக்கெட் ஏறும் இடத்தை. பி-சீரிஸ் குலத்தில் அது எஞ்சினின் முன்முகத் தகட்டில் இரு தோள்களாக இருக்கும். வேறு பல எஞ்சின்களில் பிளாக்கின் இரு விலாவிலும், நடுப்பகுதியில் இருக்கும். தோளில் தூக்குவதற்கும் விலாவில் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடுதான் இந்தத் துறையின் பாதிச் சிக்கல். எஞ்சின் காரின் குழிக்குள் அழகாக இறங்கும். மவுண்டிங் இறங்க வேண்டிய இடத்தில் காற்றுதான் இருக்கும்.

அம்பாசிடருக்கு வந்த வருமொழிகளை மூவகையாகப் பகுக்கலாம்.

ஒன்று, சொந்தக் குலத்தில் வந்தது. 1,489 சி.சி. பி.எம்.சி. டீசல் எஞ்சின். பெட்ரோல் எஞ்சினின் உடன்பிறப்பு. ஆலையே இதை ஏற்றி விற்றது. இந்தியாவின் முதல் டீசல் கார் என்ற பெயரும் அம்பாசிடருக்கு அப்படி வந்ததுதான்.

இரண்டு, ஆலையே பார்த்துச் சேர்த்த அயல் குலத்தது. ஜப்பானிய இசுசுவின் 1,817 சி.சி. பெட்ரோல் எஞ்சின். 1990-களின் தொடக்கத்தில் ஐந்து கியர் பெட்டியோடு வந்து, வண்டியின் குணத்தையே மாற்றியது. பழைய மார்க் வண்டியில் இசுசுவை ஏற்ற விரும்புகிறவர், இசுசுவோடே பிறந்து காயலான் கடைக்கு வந்துவிட்ட அம்பாசிடரைத் தேடுவது அறிவுடைமை. அதன் பிராக்கெட்டுகள், பின் குறுக்குச் சட்டம், மவுண்டிங் ரப்பர் எல்லாமாகச் சேர்த்து வாங்கி, முதலில் அளந்து, பிறகே நம்ப வேண்டும்.

மூன்று, தெருவே பார்த்துச் சேர்த்தது. மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை அம்பாசிடரில் ஏற்றுவது தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்குக் கைவந்த கலை. பெட்ரோலைவிட டீசல் விலை மலிவாக இருந்த பல பத்தாண்டுகளில், வாடகைக்கு ஓடிய வண்டிகளின் பொருளாதாரமே இந்தப் புணர்ச்சியைக் கேட்டு வாங்கியது. இதற்கு ஆலையின் வரைபடம் கிடையாது. பாடபேதங்கள் பல. ஒரு பட்டறையின் மெட்டடார் மவுண்டிங் அடுத்த தெருப் பட்டறைக்குப் பொருந்தாது. பொருந்திவிட்டால் இருவரில் ஒருவர் மற்றவரிடம் தொழில் கற்றவர் என்று கொள்க. குரு-சீட மரபை நிறுவ இதைவிட நம்பகமான கல்வெட்டு இல்லை.

*விதி 5: வருமொழியின் எடையைப் போலவே அதன் நடுக்கமும் அளக்கத் தக்கது.*

உரை: நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிப்பு. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் நொடிக்குப் பன்னிரண்டரைச் சுற்று, 25 உதை. அதே கணக்கு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பொது. ஆனால் உதையின் வலிமை பொதுவன்று. பழைய பெட்ரோல் எஞ்சினில் அழுத்த விகிதம் எட்டை ஒட்டி நிற்கும். பழைய டீசலில் இருபதைத் தாண்டும். ஒன்று தட்டுகிறது, மற்றது அறைகிறது. பெட்ரோல் எஞ்சினின் ரப்பரை டீசலுக்குக் கீழே வைத்தவர்கள், முதல் நாளே டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையார் இடமிருந்து வலமாகப் பிரதட்சணம் வருவதைக் கண்டிருக்கிறார்கள்.

3. உடம்படுமெய் இயல்

*விதி 6: உயிரும் உயிரும் நேரே சேரா, நடுவே ஒரு மெய் வேண்டும்.*

உரை: மணி, அழகு என இரண்டு சொற்கள். முன்னதன் ஈற்றிலும் உயிர், பின்னதன் முதலிலும் உயிர். நேரே சேர்த்தால் நாக்கு இடறும். ‘ய்’ வந்து நடுவில் நிற்கிறது, மணியழகு பிறக்கிறது. எஞ்சினும் உயிருள்ளது, துடிக்கிறது. வண்டியும் உயிருள்ளது, பள்ளம் மேடுகளில் நெளிகிறது. இரண்டையும் இரும்புக்கு இரும்பாக முடுக்கினால் ஒன்றின் துடிப்பு மற்றதின் நோயாகும். நடுவில் வந்து நிற்கும் ரப்பர்தான் உடம்படுமெய். அது எந்தச் சொல்லுக்கும் சொந்தமில்லை. இரண்டையும் சேர்த்து வைப்பதே அதன் பொருள்.

உலகம் இதைத் தாமதமாகவே கற்றது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். ஆனால் எஞ்சினை ரப்பரில் மிதக்க விடுவதை ஒரு பெரிய விற்பனைச் சரக்காகவே ஆக்கியது, 1931-இல் கிறைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரில் ‘ஃப்ளோட்டிங் பவர்’ என்று பெயரிட்டுக் கொண்டுவந்தபோதுதான். முன் மவுண்டிங்கை உயரத்திலும் பின் மவுண்டிங்கைத் தாழ்விலும் வைத்து, எஞ்சின் இயல்பாக உருள விரும்பும் அச்சிலேயே அதை உருள விட்டார்கள். நான்கு சிலிண்டர் வண்டி எட்டு சிலிண்டர்போல் மிருதுவாக ஓடியது. அடுத்த ஆண்டே பிரான்சின் சித்ரோயன் உரிமம் வாங்கித் தன் காரின் முகப்பில் ஓர் அன்னப் பறவையைப் பொறித்துக்கொண்டது. அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது நம் மரபு. துடிப்பையும் ஓட்டத்தையும் பிரிக்கும் என்பது அவர்கள் மரபு.

*விதி 7: ரப்பர் அமுங்குவதைக் கொண்டு அதன் அறிவை அளக்கலாம்.*

உரை: இது இந்நூலின் கணிதப் பகுதி, வாசகர் நடுங்க வேண்டாம், நடுக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். எஞ்சினின் எடை ஏறியதும் மவுண்டிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால், அந்த எஞ்சின் அந்த ரப்பரின் மேல் நொடிக்கு எத்தனை முறை தானாக ஆட விரும்புகிறது என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 4 மி.மீ. அமுங்கினால் நொடிக்கு 8. ஐடிலிங்கின் உதை 25. உதையின் எண், இயல்பான ஆட்டத்தின் எண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் ரப்பர் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். இங்கே மூன்று மடங்கு. நன்று.

இப்போது ‘நல்லா டைட்டா இருக்கட்டும்’ என்று லாரிக்கு உரிய கட்டி ரப்பரை வைத்தவரின் நிலையைப் பார்ப்போம். அது 0.4 மி.மீ.தான் அமுங்குகிறது. கணக்குப் போட்டால் விடை 25. எஞ்சின் உதைப்பதும் 25, ஆட விரும்புவதும் 25. ஊஞ்சல் முன்னே போகும் ஒவ்வொரு முறையும் பின்னால் நின்று தள்ளுவதைப்போல, ஒவ்வோர் உதையும் முந்தைய உதையோடு கூட்டுச் சேர்கிறது. கண்ணாடி, கதவு, உரிமையாளரின் பல் மூன்றும் ஒரே சுருதியில் பாடுகின்றன. அசையும் ரப்பர், சும்மா எடை தாங்கி நிற்கும் ரப்பரைவிட விறைப்பாக நடந்துகொள்ளும் என்பதால் உண்மையான எண்கள் இன்னும் சற்றுக் கூடும். எனவே ‘கெட்டியான ரப்பர் நல்ல ரப்பர்’ என்ற கொள்கையை இந்நூல் மறுக்கிறது.

மிக மென்மையும் வழுவே. பத்து, பதினைந்து மில்லிமீட்டர் அமுங்கும் ரப்பரில் எஞ்சின் தாலாட்டில் கிடக்கும். கிளட்சை விட்டதும் எழுந்து நின்று ரேடியேட்டரை முத்தமிடும்.

*விதி 8: ரப்பர் வடிவம் மாறும், பருமன் மாறாது.*

உரை: பலரும் அறியாத நுட்பம் இது. ரப்பரை அமுக்கினால் அது சுருங்குவதில்லை, பக்கவாட்டில் பிதுங்குகிறது. பிதுங்க இடம் வேண்டும். ‘நகராமல் இருக்கட்டும்’ என்று நாற்புறமும் தகடு வைத்து அடைத்துவிட்டால், பிதுங்க இடமில்லாத ரப்பர் இரும்புக்கு இணையாகிவிடும். கடையில் நல்ல மவுண்டிங் வாங்கி, பட்டறையில் நல்ல பெட்டி செய்து, இரண்டையும் சேர்த்து மவுண்டிங்கே இல்லாத நிலையை அடைந்தவர்கள் உண்டு. ஓரெழுத்தைச் சேர்த்து அதன் ஒலியைப் பிடுங்கிய பாவம் இது.

இவை மூன்றும் சேர்ந்து நம்மை இந்நூலின் தலைமை விதிக்குக் கொண்டு வருகின்றன.

*விதி 9: ரப்பர் வருமொழியைச் சாரும், இரும்பு நிலைமொழியைச் சாரும்.*

உரை: எந்த எஞ்சினை ஏற்றுகிறோமோ அந்த எஞ்சின் பிறந்த வண்டியின் மவுண்டிங் ரப்பரையே பயன்படுத்த வேண்டும். அந்த எடைக்கும் அந்த உதைக்கும் ஏற்றபடி அதன் கடினத்தை எவரோ ஒரு பொறியாளர் சம்பளம் வாங்கிக்கொண்டு கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அவர் உழைப்பை வீணாக்கக் கூடாது. மாறாக, அந்த ரப்பரைக் காரோடு சேர்க்கும் பிராக்கெட் காரின் அளவுக்கு ஏற்பப் புதிதாகச் செய்யப்பட வேண்டும். இரும்பை வெட்டலாம், வளைக்கலாம், ஒட்டலாம். ரப்பரை அப்படி எதுவும் செய்ய முடியாது. இந்த ஒரு விதியை ஏற்றால், ‘என் அம்பாசிடருக்கும் அந்த எஞ்சினுக்கும் பொதுவாகப் பொருந்தும் மவுண்டிங் எது?’ என்ற தேடலே தேவையற்றதாகிறது. அப்படி ஒன்று எந்தக் கடையிலும் பெட்டிக்குள் காத்திருக்கவில்லை.

4. விகார இயல்

*விதி 10: இயல்பு ஒன்று, விகாரம் மூன்று.*

உரை: பொன், மலை சேர்ந்து பொன்மலை ஆகும்போது எதுவும் மாறுவதில்லை, இயல்பு புணர்ச்சி. பி-சீரிஸை எடுத்துவிட்டு இன்னொரு பி-சீரிஸை வைப்பது இவ்வகை. இதற்கு ஆய்வு தேவையில்லை, ஸ்பேனர் போதும்.

விகாரத்தில் முதலாவது தோன்றல். வாழை, பழம் சேரும்போது நடுவில் ‘ப்’ தோன்றுவதுபோல, இல்லாத பிராக்கெட் ஒன்று தோன்றும். இரண்டு நூல் கனமுள்ள தகட்டை வெட்டி, மூலையில் முக்கோண முட்டு கொடுத்து வெல்டிங் செய்வது முறை. முட்டு இல்லாத பிராக்கெட் தகடாகவே இருக்கும். சில மாதங்களில் இரண்டு தகடாகும். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் வரும் இணைப்புத் தகடு ‘அடாப்டர் பிளேட்’, அது சாரியை. மரம் என்பதோடு ஐ சேரும்போது ‘அத்து’ எங்கிருந்தோ வந்து ‘மரத்தை’ ஆக்குகிறதே, அதுபோல் இதுவும் இரண்டு பக்கத்துக்கும் அயல். ஆனால் இல்லாமல் எதுவும் நடக்காது. இதைத் தேர்ந்த லேத்காரரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். கிராங்க் தண்டின் மையமும் கியர் பாக்ஸ் தண்டின் மையமும் மயிரிழை விலகினாலும் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் அதற்கு விலை கொடுக்கும்.

இரண்டாவது திரிதல். பொன், குடம் சேர்ந்து பொற்குடம் ஆவதுபோல, இருக்கும் ஓட்டை நீண்ட ஓட்டையாகும். அம்பாசிடரின் பழைய உறுப்புகள் இஞ்ச் மரபில் வந்தவை. இசுசு மில்லிமீட்டர் மரபில் வந்தது. மூன்று நூல் போல்ட் 9.5 மி.மீ.; எதிர்ப்பக்கம் இருப்பது பத்து. அரை மில்லிமீட்டரில் இரண்டு நாகரிகங்கள் மோதுகின்றன. ‘கொஞ்சம் இழுத்து முடுக்கினால் ஏறிவிடும்’ என்ற கருத்து இங்கே தோன்றும். ஏறும், புரியைத் தின்றுகொண்டே ஏறும்.

மூன்றாவது கெடுதல். மரம், வேர் சேரும்போது ‘ம்’ கெட்டு மரவேர் ஆவதுபோல, காரின் ஓர் உறுப்பு வெட்டி நீக்கப்படும். சம்ப் இடிக்கிறது என்று கிராஸ் மெம்பரில் பிறை வெட்டுவது இவ்வகை. அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். கிராஸ் மெம்பரை வெட்டியவர் முன்சக்கரங்களின் கோணத்தையும் சேர்த்தே வெட்டுகிறார். எனவே கெடுத்தல் வேண்டியபோது காரைக் கெடுக்காமல் சம்ப்பைக் கெடுப்பதே சிறப்பு. சம்ப்பை வெட்டி மாற்றி ஒட்டுவது மலிவு, மீட்கவும் கூடியது.

தொல்காப்பியர் இம்மூன்றையும் மிகுதல், மெய்பிறிதாதல், குன்றல் என்று வழங்குவார். பட்டறைகளில் வழங்கும் பெயர்கள் வெல்டிங், டிரில்லிங், கட்டிங்.

*விதி 11: முதலில் நிலை, பிறகு டாக், பிறகு ரப்பர் நீக்கம், அதன்பின் முழு வெல்டிங்.*

உரை: எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, அடியில் மரக்கட்டை கொடுத்து, விதி 3-இல் சொன்ன ஐந்தும் சரியா என்று பார்த்து நிறுத்த வேண்டும். பிறகு பிராக்கெட்டை அந்த இடத்திலேயே டாக் அடித்து, அதாவது பொட்டுப் பொட்டாக மட்டும் வெல்டிங் வைத்து, எஞ்சினைத் தூக்கி, ரப்பரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் முழு வெல்டிங். ரப்பரும் இரும்பும் ஒட்டியிருப்பது பசையால் மட்டுமன்று. ஏறத்தாழ 150 டிகிரி வெப்பத்தில் ஒன்றாகவே வார்க்கப்பட்ட ஒட்டு அது. வெல்டிங் சூடு அந்த ஒட்டை அவிழ்த்துவிடும். வெளியே பார்க்க எதுவும் தெரியாது. பார்வைக்கு உடம்படுமெய், உள்ளே வெறும் ஆய்த எழுத்து. கடைசியில் எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, எடை முழுவதும் ரப்பரில் உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் ரப்பர் பிறக்கும்போதே முறுக்கிக்கொண்டிருக்கும்.

5. வழு இயல்

*விதி 12: அழுத்தம் பொறுக்கும், இழுவை பொறாது.*

உரை: 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் எஞ்சின் முதல் கியரில் நான்கு மடங்காகி 400 ஆகிறது. எதிர்முறுக்கைத் தாங்குவது மவுண்டிங். இரண்டு முன் மவுண்டிங்கும் அரை மீட்டர் இடைவெளியில் இருந்தால் ஒரு பக்கம் சுமார் 80 கிலோ மேலே தூக்கும், மறுபக்கம் 80 கிலோ கீழே அமுக்கும். அந்த மவுண்டிங்கின் மேல் இருக்கும் எஞ்சின் எடையே 70 கிலோதான் என்றால், மீதிப் பத்துக் கிலோவுக்கு ரப்பர் இழுபடுகிறது. முன்னால் நின்று பார்க்கையில் எஞ்சின் வலஞ்சுழியாகச் சுற்றும் பெரும்பான்மை வண்டிகளில், தூக்கப்படுவது ஓட்டுநரின் இடக்கைப் பக்கம். மலைப்பாதையில் ஏறும்போது ‘டொக்’ என்று கேட்பது அங்கிருந்துதான்.

இது சிறிய வழு அன்று. 1971-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், மவுண்டிங் ரப்பர் பிரிந்து எஞ்சின் எழுந்து ஆக்சிலேட்டரைச் சிக்க வைக்கும் ஆபத்துக்காக ஏறத்தாழ 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தீர்வாக அவர்கள் மாட்டியது எஞ்சின் எழாமல் பிடிக்கும் ஒரு கம்பி வடம். ரப்பர் பிய்ந்தாலும் இரும்புக்குள் இரும்பு சிக்கி நிற்கும்படியான மவுண்டிங்கைத் தேர்வதே முறை. அது கிடைக்காவிட்டால் சிறு சங்கிலி போதும்.

*விதி 13: உடம்படுமெய் மின்சாரம் கடத்தாது.*

உரை: பழைய எஞ்சினைக் கழற்றியவர் எர்த் கம்பியையும் கழற்றியிருப்பார், புதியதை மாட்டியவர் அதை மறந்திருப்பார். எஞ்சின் ரப்பரின் மேல் தனித்தீவாக நிற்கிறது. ஸ்டார்ட்டரைத் திருகியதும் அத்தனை மின்சாரமும் வீடு திரும்ப வழி தேடி, கிடைத்த சோக் கம்பியிலோ ஆக்சிலேட்டர் கம்பியிலோ ஓடுகிறது. கம்பி சிவக்கிறது. எலக்ட்ரீஷியன் பேட்டரியைக் குறை சொல்கிறார். மெக்கானிக் எலக்ட்ரீஷியனைக் குறை சொல்கிறார். பேட்டரிக்கடைக்காரர் மட்டும் அன்று மகிழ்ச்சியாக வீடு திரும்புகிறார்.

*விதி 14: எண்ணெய் ரப்பரின் பகை.*

உரை: இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதி, இளகி, உதிரும். பழைய எஞ்சின் எண்ணெய் ஒழுகாமல் இருப்பது இலக்கண நூல்களில் மட்டுமே காணப்படும் நிகழ்வு. ஆகவே டைமிங் கவரின் சீலை மாற்றாமல் மவுண்டிங்கை மட்டும் மாற்றுவது காலத்துக்கும் தொடரும் சந்தாவாகிவிடும்.

6. புறனடை

மேற்சொன்ன விதிகளுக்கு அடங்காதவை சில. 1967-இல் லோட்டஸ் 49 பந்தயக் காரில் காஸ்வொர்த் எஞ்சினே வண்டியின் பின்பாதிச் சட்டகமாக நின்றது; பின்சக்கரத் தொங்கல் எஞ்சினிலேயே ஏறியது. டிராக்டரிலும் எஞ்சினும் கியர் பாக்ஸுமே முதுகெலும்பு. அங்கே உருபு மறைந்து நிற்கும் தொகைநிலைதான். மவுண்டிங் என்ற பேச்சில்லை. அவற்றைக் காட்டி ‘நாமும் இரும்புக்கு இரும்பாக வைக்கலாமே’ என்று வாதிடுவோருக்கு, அம்பாசிடர் பந்தயக் காரும் அன்று, டிராக்டரும் அன்று என்பதை நினைவூட்டுகிறோம். இரண்டாவதைப் பற்றிச் சிலர் கருத்து வேறுபடலாம்.

இறுதிப் புறனடை சட்டத்தைப் பற்றியது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. எஞ்சின் எண், எரிபொருள் இரண்டும் அதில் அடக்கம். மவுண்டிங் எவ்வளவு நேர்த்தியாகப் பொருந்தினாலும், ஆர்.சி. புத்தகத்தோடு எஞ்சின் பொருந்தாவிட்டால் அந்தப் புணர்ச்சி செல்லாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ‘செட் பண்ணிக்கலாம்’ என்ற வாக்கியத்துக்கு எழுவாய் கண்டிப்பாகத் தோன்றும். அது உரிமையாளரின் பெயர்.

ஆய்வு முடிவு

பொருத்தமான மவுண்டிங் கடையில் கிடைப்பதில்லை, எஞ்சினோடு வருகிறது. பொருந்த வேண்டியது பிராக்கெட். அது உங்கள் பட்டறையில் பிறக்கிறது. ஆகவே எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் குதிரைத்திறனைப் பிறகு கேளுங்கள். முதலில் அந்த எஞ்சினின் இரண்டு முன் மவுண்டிங், அவற்றின் பிராக்கெட், கியர் பாக்ஸ் மவுண்டிங், எர்த் கம்பி இந்த நான்கையும் காட்டச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் தனியா வாங்கிக்கலாம் சார்’ என்றால், பணத்தைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடங்கள்.